பதினோராவது பத்தி

போர்வை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு முனைகளை அவர் பிடித்திருந்தார், இரண்டு முனைகளை நான். மடிப்பதற்காக நெருங்கி வந்தபோது என் கணவர் கேட்டார்.

"நாம பிரிஞ்சுடலாமா?"

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

"நான் அதுக்கு முன்னாடியே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஏதோ படிச்சிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. போர்வை கீழே விழுந்தது. மூன்று வருடக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் பேச வேண்டுமே. நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் தெருத் தெருவாக எடுத்து வரும் தண்ணீர் பாட்டில்களுக்கு எண் ஒட்டி, கலங்கல் பார்த்து, கிருமி வளர்கிறதா என்று குழாய்களைச் சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் எடுத்துப் பார்த்து எழுத வேண்டும். பாட்டில்கள் திருப்பிப் பேசாது. அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளர். பகல் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் காதுக்கு ஓய்வு.

"ரெண்டும் சாது. பொருத்தம்னா இதுதான்" என்று சொல்லி எங்களைச் சேர்த்துவைத்தார்கள். பூஜ்ஜியத்தோடு பூஜ்ஜியத்தைக் கூட்டினால் என்ன வரும் என்று ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் "நீங்க, நீங்க" என்று வழிவிட்டபடி மூன்று வருடம் ஓடிவிட்டது. பிரிவது என்று முடிவான மறுநாள் அவர் என்னை "நீ" என்றார். நானும் "நீ" என்றேன். அதன் பிறகு நாங்கள் நல்ல சிநேகிதர்கள் ஆகிவிட்டோம்.

வீட்டில் சத்தம் என்று இருந்தது அத்தை மட்டும்தான், என் கணவரின் அம்மா. நீதிமன்ற வாசலுக்கு எதிரே அத்தை ஒரு டைப்பிங் கடை வைத்திருந்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அதற்கு மேல் ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும். அத்தைக்கு எல்லோருக்கும் பட்டப் பெயர் வைக்கும் பழக்கம். நான் தண்ணிக்காரி. அவருடைய மகன் மௌனசாமி. விஷயத்தைச் சொன்னதும் அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு வருஷமா ஒரே வீட்டுல பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்னீங்க. பஸ் வராதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"உனக்கு வருத்தம் இல்லியாம்மா?" என்றார் அவர்.

"இருக்கு. அதுக்காக ரெண்டு பேரையும் கட்டிப் போட முடியுமா? போய் மனு குடுங்க. நானே டைப் பண்ணித் தர்றேன். வக்கீல் கிக்கீல்னு யார்கிட்டயும் போகாதீங்க."

அத்தை கடைக்குத் தினமும் வரும் வக்கீல் ஒருவர் உண்டு. வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும். அதனால் அவர் குடை வக்கீல். அவர் அத்தையை அக்கா என்பார். அத்தை அவரை வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே அவருடைய மனுக்களை டைப் பண்ணிக் கொடுப்பார். விஷயம் அவர் காதுக்குப் போனதும் நேரே கடைக்கு வந்துவிட்டார். அன்று மதியம் நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, வக்கீல் இல்லாம விவாகரத்தா? உலகத்துல நடக்குமா?"

"ஏன் நடக்காது? ரெண்டு பேரும் சம்மதிச்சுக் குடுக்கிற மனு. சட்டத்துல எங்கயாவது வக்கீல் கட்டாயம்னு இருக்கா? சொல்லு பாப்போம்."

குடை வக்கீல் தலையைச் சொறிந்தார். "கட்டாயம்னு இல்ல. ஆனா ஒரு பாதுகாப்புக்கு..."

"யார்கிட்டேர்ந்து பாதுகாப்பு? இதுங்க ரெண்டும் வழியில எறும்பு வந்தா நின்னு வழிவிடுற ஜாதி. நீ நடுவுல பூந்தா ஒரே வாரத்துல ரெண்டையும் முடியப் பிடிச்சுக்க வைப்பே."

"நான் ஒருத்தனே ரெண்டு பக்கமும் நிக்கிறேன் அக்கா. என்னோட நானே சண்டை போட மாட்டேன்."

"உன்னால முடியும். போய் வேலையப் பாரு."

போகும்போது அவர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கம்மா. வக்கீல் இல்லன்னா ஜட்ஜ் கேக்கிறதுக்கு நீயேதான் வாயத் திறந்து பேசணும்."

கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்குக் குரல் வராது. ஆனால் அத்தை "அவ பேசுவா, நீ கிளம்பு" என்று சொல்லிவிட்டார். அத்தை சொன்ன பிறகு மறுக்க எனக்கு வழியில்லை.

உண்மையில் ஜட்ஜிடம் பேசுவதைவிட அத்தையிடம் பேச வேண்டியதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

என் கணவர் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துவிட்டார். அதில் ஒரு கட்டிலும் ஒலிபெருக்கிகளும் போக நிற்கத்தான் இடம். வாடகை வீடு என் பெயருக்கு மாறுகிறது. அத்தை வேறு ஊரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். கடையை விற்க ஆளும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் முறைப்படிதான் நடந்துகொண்டிருந்தது. அத்தை போவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அத்தை கேட்பார். "என்ன தண்ணிக்காரி, இன்னிக்கு எந்தத் தெரு பாஸ், எந்தத் தெரு ஃபெயில்?" நான் சொல்வேன். ஃபெயிலான தெருவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் வழக்கு என்ன என்று அத்தை சொல்வார். நான் சிரிப்பேன். பிறகு எதிர் வீட்டுப் பூனை, என்னுடைய மேலாளரின் புது மீசை என்று எதையாவது நானாகவே சொல்ல ஆரம்பிப்பேன். ஒரு நாளில் நான் பேசுவதில் முக்கால் பாகம் அந்த அரை மணி நேரத்தில்தான். பிறந்த வீட்டில்கூட யாரும் என்னிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டதில்லை.

என்னோடு இருந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் என்ன உரிமையில் கேட்பது? மகனை வேண்டாம் என்றுவிட்டு அம்மாவை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றால் யாராவது கேட்டுச் சிரிக்க மாட்டார்களா? பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களிடம் சொல்லிப் பார்த்தேன். பாட்டில்களிடம் நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் "மூணு தெரு பாஸ், ஒரு தெரு ஃபெயில்" என்றேன்.

மனு தயாரானது. அத்தை அதை நாற்பது நிமிடத்தில் டைப் பண்ணினார். ஒவ்வொரு மனுவையும் முதலிலிருந்து அடிப்பதில்லை. பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, வேண்டாததை அழித்துவிடுவார். பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே விரல் ஓடும். "விரல் படிக்கும், நான் படிக்க மாட்டேன்" என்பார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் மூன்று முறை சரிபார்த்தேன். பிறந்த தேதிகள், கல்யாணத் தேதி, வயது, கதவு எண். எண்கள் எல்லாம் சரி. எழுத்துகளை அத்தை பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். என் கணவர் நான் பார்த்திருப்பேன் என்று விட்டுவிட்டார். பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டோம்.

மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து வந்த விசாரணை நாளன்று காலை அத்தையே எங்களை ஆட்டோவில் அழைத்துப் போனார். குடும்ப நீதிமன்றம் இரண்டாம் மாடியில், பள்ளி வகுப்பறை அளவுக்குத்தான் இருந்தது. நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைக்கு மேல் தாளத்தோடு முனகும் ஒரு ஃபேன். கடைசி வரிசையில் குடை வக்கீல் தன்னுடைய வேறு வழக்குக்காகக் காத்திருந்தார். அத்தை அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எங்கள் மனுவை வரி வரியாகப் படித்தார். நாங்கள் மூவரும் செய்யாததை அவர் செய்தார்.

"வக்கீல் யாரு?"

"யாரும் இல்லைங்க" என்றார் என் கணவர்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்க இந்த மனுவைப் படிச்சீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"பதினோராவது பத்தியையுமா? வாய்விட்டுப் படிங்க, கேப்போம்."

காகிதம் என் கைக்கு வந்தது. படிக்கத் தொடங்கிய பிறகுதான் என்ன படிக்கிறேன் என்று தெரிந்தது. நடுவில் நிறுத்தவும் தெரியவில்லை.

"மேற்படி இரண்டாம் மனுதாரரின் தாயாரானவர், முதல் மனுதாரரை வேலைக்காரி போல நடத்தியும், வேளா வேளைக்கு உணவு தராமலும், வாய்க்கு வந்தபடி ஏசியும், சொல்லொணாத் துன்பங்களுக்கு ஆளாக்கி வந்தார்."

"ஐயையோ!" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "அது அந்தப் பழைய ஃபைல்ல இருந்ததுங்க!"

"யாரது?"

அத்தை எழுந்து நின்றார். "நான்தாங்க அந்த மாமியார்."

நீல நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. நீதிபதி சிரிக்கவில்லை.

"இந்த மனுவை டைப் பண்ணது?"

"நான்தாங்க."

"வக்கீல் வேணாம்னு சொன்னது?"

"அதுவும்... நான்தாங்க."

"இந்தப் பொண்ணை இன்னிக்கு இங்க கூட்டிட்டு வந்தது?"

அத்தையின் குரல் இறங்கியது. "ஆட்டோவுல... நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

குடை வக்கீல் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தை எனக்குக் கையால் சைகை காட்டினார். பேசுடி, ஏதாவது பேசு என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மிரட்டல் மாதிரிதான் இருந்திருக்கும்.

"அந்தம்மா வெளிய இருக்கட்டும்" என்றார் நீதிபதி.

அத்தை வெளியே போனார். போகும்போது குடை வக்கீலின் சட்டையைப் பிடித்து அவரையும் இழுத்துக்கொண்டு போனது எனக்குத் தெரிந்தது. கதவு மூடியது.

"இப்ப பயப்படாம சொல்லும்மா" என்றார் நீதிபதி. குரல் இளகியிருந்தது. "உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

என் கணவர் வாயைத் திறந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இப்போது நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பத்தி உண்மையாகிவிடும். அத்தை கொடுமைக்காரி என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்கும், கீழே என் கையெழுத்தோடு.

"அது தப்புங்க" என்றேன்.

"எது தப்பு?"

எனக்குத் தெரிந்த ஒரே முறையில்தான் பதில் சொல்ல முடிந்தது. பரிசோதனை முடிவை எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

"வேளா வேளைக்கு உணவு தராமல்னு இருக்கு. அது இல்லைங்க. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் நாலரைக் கிலோ கூடியிருக்கேன். வேலைக்காரி போலன்னு இருக்கு. அதுவும் இல்லைங்க. நான் பாத்திரம் கழுவினா சோப்பு போகலன்னு அவங்களே மறுபடி கழுவுவாங்க. வாய்க்கு வந்தபடி ஏசியும்னு..."

நிறுத்தினேன். பொய் சொல்ல முடியாது.

"அது மட்டும் சரிங்க. ஆனா எல்லாரையும்தான் ஏசுவாங்க."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். அவர் தோள் குலுங்கியது.

"அப்ப உனக்கு விவாகரத்து வேணுமா, வேணாமா?"

"வேணுங்க. இவர்கிட்டேர்ந்து வேணும். அத்தைகிட்டேர்ந்து வேணாம்."

பாட்டில்களிடம் சொல்லிப் பார்த்த எதுவும் இப்படி வந்ததில்லை. என் கணவர் அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே."

"அவங்க ஊருக்குப் போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நீ தனியா நிம்மதியா இருக்கணும்னு நினைப்பியோன்னு..."

"வீட்டுப் பேச்சை வீட்டுல வச்சுக்கங்க" என்றார் நீதிபதி. "இங்க பாரும்மா. பெரியவங்க யார்கூட இருக்கணும்னு நான் உத்தரவு போட முடியாது. அது அவங்க இஷ்டம். அவங்ககிட்ட கேட்டியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தம்மாவை உள்ள கூப்பிடுங்க."

கதவு திறந்தது. முதலில் குடை வந்தது, பிறகு வக்கீல், அவர் முதுகுக்குப் பின்னால் அத்தை. குடை வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"கனம் நீதிபதி அவர்களே, மேற்படி மாமியார் தரப்பில் நான் ஆஜராகிறேன்."

"யார் உங்களை வச்சது?"

"நான்தாங்க" என்றார் அத்தை. முகம் வெளிறியிருந்தது. "வெளிய நின்னு யோசிச்சேன். இருக்கிற சாட்சியெல்லாம் எனக்கு எதிராவே இருக்கு. இப்படியே விட்டா உள்ள தூக்கிப் போட்டுருவாங்கன்னு தோணுச்சு. அதான் வக்கீல் வச்சுட்டேன்."

"பிரியுற ரெண்டு பேருக்கும் வக்கீல் வேணாம். உங்களுக்கு மட்டும் வேணுமா?"

"அவங்களுக்கு வழக்கே இல்லைங்களே. மாட்டிக்கிட்டது நான்."

இந்த முறை நீதிபதியும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். "நீயே கேளு. இதுக்கு நான் எதுக்கு?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"அத்தை, ஊருக்குப் போகாதீங்க. என்கூடவே இருந்துடுங்க."

அத்தை பேசவில்லை. மூன்று வருடத்தில் நான் பார்த்திராத காட்சி. வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் பக்கத்தில் திரும்பி மெல்லக் கேட்டார்.

"வக்கீலே, இது என்ன செக்‌ஷன்?"

"இதுக்கெல்லாம் செக்‌ஷன் கிடையாது அக்கா."

"அப்ப நீ எதுக்கு இருக்கே?" புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். "லூசு. நீ நாளைக்கு இன்னொருத்தனைப் பாப்பே. பழைய மாமியார் கூடத்துல கால் நீட்டி உக்காந்திருந்தா எவன்டி வருவான்? அதுக்குத்தானே நான் கிளம்பினதே."

"உங்களைப் பாத்துப் பயந்து ஓடுறவன் எனக்கு வேணாம்."

"ஓடத்தான் செய்வான்" என்றார் என் கணவர். அத்தை அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

"என் கட்சிக்காரருக்குச் சம்மதம்" என்றார் குடை வக்கீல்.

"நான் எப்படா சம்மதம்னு சொன்னேன்?"

"மூக்கைத் துடைச்சீங்களே அக்கா."

நீதிபதி மேசையைத் தட்டினார். "மூணு மணிக்குள்ள பதினோராவது பத்தி இல்லாத மனு எனக்கு வரணும். இல்லன்னா அடுத்த தேதிக்குப் போயிடும். அப்புறம் ஒண்ணு. வக்கீல் வச்சுக்கறது உங்க இஷ்டம். எழுதினதைப் படிக்கிறது கட்டாயம்."

நாங்கள் மூவரும் படி இறங்கி, சாலையைக் கடந்து, கடைக்குள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நுழைந்தோம். அத்தை புதுப் பக்கம் திறந்து முதலிலிருந்து அடித்தார். அடிக்க அடிக்க என் கணவர் திரையைப் பார்த்து உரக்கப் படித்தார். அவருக்கு இவ்வளவு நல்ல குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். சொன்னேன். "ஊரார் குரலையே கேட்டுட்டிருந்தா எப்படித் தெரியும்?" என்றார் அத்தை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் முழு மனுவையும் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல குடும்பம்ங்க, ஏன் பிரியுறீங்க?" என்று வருத்தப்பட்டார்.

இரண்டு ஐம்பதுக்குக் கொடுத்தோம். நாலு மணிக்கு உத்தரவு கையில் வந்தது.

வாசலில் என் கணவர், இல்லை, என் சிநேகிதர், கை கொடுத்தார். ஒலிப்பதிவு இருக்கிறது என்று ஓடினார். பாதி வழியில் திரும்பி வந்து, வீட்டில் விட்டுவந்த ஒலிபெருக்கி ஒன்றை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டார்.

"வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போகணும். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசணும். அதுக்குச் சம்மதம்னா வா" என்றார் அத்தை.

நாங்கள் இருவரும் நடந்தோம். அத்தைக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கடையை வாங்க இருந்தவனிடம் என்ன சொல்வது, தம்பி பெண்டாட்டி இப்போது உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்படுவாள், குடை வக்கீல் இத்தனை வருடம் படித்துப் பேசியது மொத்தம் இரண்டே வரி, அதிலும் ஒரு வரி பொய் என்று மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தார். தெரு முனையில் இடது பக்கம் திரும்பினார். வீட்டுக்கு வலது பக்கம்தான் குறுக்கு வழி.

"அத்தை, இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் வெயிலு."

"இந்தப் பக்கம்தான் நிழலா இருக்கும், மரம் இருக்கு. நீங்க சொல்ற வழியிலதான் வெயிலு."

"முப்பது வருஷமா நடக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"முப்பது வருஷமா தப்பா நடக்கிறீங்க."

அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். நானும் நின்றேன். எங்களைச் சுற்றிக்கொண்டு இரண்டு சைக்கிள்கள் போயின. சத்தம் போட்டே பேசிக்கொண்டிருந்தோம், ரொம்ப நேரம், தெரு முழுக்கக் கேட்கும்படி.